இழுக்கும்போது ஒன்று, தள்ளும்போது ஒன்று

“வனத்தின் மடியில் நான்கு தலைமுறையாக மரம் அறுத்து வாழ்ந்த குடும்பத்தின் கடைசி வாரிசு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாமரர். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ரம்பத்துக்கு மாலையில் பாடக் கற்றுக்கொடுத்தவர்.”

மண்ணிசை மன்றத்தின் ஆண்டு மலரில், பதினேழாம் பக்கத்தில், ஒரு வழுக்கைத் தலையின் புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. புகைப்படத்தில் இருப்பவர் குடிநீர் வாரியத்தின் கசிவு ஆய்வுப் பிரிவில் இரண்டாம் நிலைத் தொழில்நுட்ப உதவியாளர். பட்டயப் படிப்பு, முதல் வகுப்பு. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மரத்துக்கும் இவருக்கும் உள்ள உறவு ஒரே ஒரு நாள் நீடித்தது: சமையலறைக்கு அலமாரிப் பலகை ஒன்றைப் பாதி அறுத்து, மீதிப் பாதிக்குத் தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் பலகையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அந்த உறவு முறிந்தது.

மலர் அச்சுக்குப் போகுமுன் இந்தக் குறிப்பை அவரிடம் காட்டினார்கள். அவர் நிதானமாகப் படித்து, விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால், அந்த இடத்தில் ஒற்று மிக வேண்டியதுதான்.

அவருடைய வேலை, காது கொடுப்பது. பூமிக்குள் புதைந்த தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, விடியற்காலையில், வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் தெருவுக்குப் போவார். ஆள் உயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயின் மேல் ஊன்றுவார். மறுமுனையில் உள்ள மரக்குமிழில் காதை வைப்பார். பத்தடி நடப்பார், மறுபடி ஊன்றுவார். கடைசியில் ஓர் இடத்தில் நின்று, “இங்கே தோண்டு” என்பார். பத்தொன்பது வருஷத்தில் இரண்டு முறைதான் தவறியிருக்கிறார், அதில் ஒன்று வரைபடத்தின் தவறு. தெருக்காரர்கள் அவரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். “போன மாசம்தான் ரோடு போட்டாங்க, வந்துட்டான்யா காது!” என்று கடைக்குள்ளிருந்து சத்தம் வரும். ஒரு பொருட்டாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார். சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். மந்திரி வீட்டு வாசல் ஆனாலும் வட்டம் வட்டம்தான்.

அவர் கேட்கும்போது கூட வரும் ஆட்கள் நாற்பதடி தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆக, பத்தொன்பது வருஷமாக அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே பேசாமல் இருக்கும்படி அவராலேயே உத்தரவிடப்பட்டவர்கள். தனியாக இருக்கிறோமே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டபோது இந்தச் சின்ன விஷயத்தை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரம்பம் வந்தது இப்படி. வாரியத்தின் பணிமனையில் ஒருநாள் யாரோ ஒரு கைரம்பத்தை வளைத்து விட்டார்கள். அது ‘ஙொய்ங்’ என்று ஒரு சுரம் பேசியது. மற்றவர்களுக்கு அது சத்தம். அவர் அன்று மாலையே இரும்புக்கடையில் ஒரு புதுக் கைரம்பம் வாங்கினார், ரசீதோடு. வாரியத்தின் ரப்பர் குழாய் ஒன்றை நீளவாக்கில் கிழித்துப் பற்களுக்கு உறை போட்டார். கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, நுனியை இடதுகையால் வளைத்து, பல் இல்லாத முதுகுப் பக்கத்தில் வயலின் வில்லை இழுத்தார். வளைவைக் கூட்டினால் சுரம் ஏறும், குறைத்தால் இறங்கும். நடுவில் கட்டையும் இல்லை, துளையும் இல்லை, காது சொல்கிற இடம்தான் சுரம். ஆறு வருஷத்தில் நன்றாகவே வாசிக்க வந்துவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

குடியிருந்தது மாடியில் இரண்டு அறை. ஓர் அறையில் மனைவி பள்ளிச் சீருடை தைப்பார். இன்னோர் அறையில் இவர்.

“ஏங்க, யாரோ கிணத்துல விழுந்து அழற மாதிரியே இருக்கு” என்பது மனைவியின் விமரிசனம்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் விமரிசனத்தோடு நிற்கவில்லை. மாடியேறி வந்து, “ரம்பம் இருக்கணும்னா நீங்க காலி பண்ணுங்க. இல்ல நீங்க இருங்க, ரம்பம் போகட்டும். ஒரு மாசம் டைம்” என்றார்.

“நாலு பேர் வாசிக்கிற இடமாப் பாத்துப் போய் வாசிங்களேன்” என்றார் மனைவி. “தனியா வாசிச்சா பேய். கூட்டமா வாசிச்சா கச்சேரி.”

இவருக்கும் அதுதான் ஆசை. தான் வாசிக்கும்போது அடியில் ஒரு மத்தளம், பக்கத்தில் ஒரு தந்தி, வாரத்துக்கு ஒரே ஒரு பிற்பகல். அதற்கு மேல் அவர் வாழ்க்கையில் எதையும் கேட்டதில்லை. அந்த ஊரில் அதற்கு இருந்த ஒரே இடம் மண்ணிசை மன்றம்.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரு நீள அறைதான் மன்றம். தலைவரைத் தவிர உறுப்பினர்கள் பதினொரு பேர்: ஒரு பல் டாக்டர், இரண்டு காப்பீட்டு முகவர்கள், மூன்று ஆசிரியைகள், இப்படி. மாடியில் நாலு பூந்தொட்டி வைத்திருந்த ஒருவரை மற்றவர்கள் மரியாதையாக ‘விவசாயி’ என்று அழைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பத்திரப் பதிவு அதிகாரி. எதற்கும் மூலம் கேட்பது அவர் பழக்கம். மூலம் இல்லாவிட்டால் தானே எழுதிவிடுவது இன்னொரு பழக்கம்.

“இது என்ன?” என்றார் தலைவர், முதல் நாள்.

“ரம்பங்க.”

“சரி, வாத்தியம் எங்கே?”

“இதுதாங்க.”

மின்விசிறியை நிறுத்தச் சொல்லி வாசித்தார். முடித்தபோது தலைவரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நிஜம், அவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது. அடுத்து வாயைத் திறந்ததுதான் தொல்லை.

“தம்பி, உங்க அப்பா மரம் அறுத்தவரா?”

“இல்லீங்க, மூக்குக்கண்ணாடிக் கடை.”

“அவங்க அப்பா?”

“தெரியலீங்க.”

“பாத்தீங்களா, தெரியல!” என்று தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். “அங்கதான் இருக்கு விஷயம்.”

நான்கு தலைமுறையும் வனமும் அந்த நிமிஷத்தில் முளைத்தவை. இவர் மறுக்கவில்லை. ரப்பர் உறையைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், பல் தெரிந்தால்தான் உழைப்பு தெரியுமாம். கழற்றினார்.

மன்றத்தின் விதிப்படி மூன்று மாதம் விருந்தினராக வாசிக்க வேண்டும். பிறகு கை தூக்கல். பதினொன்றில் ஒரு கை மேலே வராமல் தூங்கினாலும் வெளியே.

இனி அந்தப் பெட்டி. மன்றத்தில் எல்லாரும் சுருதி சேர்ப்பது ஓர் அக்கார்டியனோடு. வாசிப்பவர் தலைவருடைய மனைவியின் தம்பி. பெட்டிக்காரர் என்பார்கள். அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே இரண்டு உலோக நாக்குகள் உண்டு. துருத்தியை இழுக்கும்போது ஒன்று ஒலிக்கும், தள்ளும்போது மற்றது. ஆறாவது சுரத்தில், இழுக்கும் நாக்கில் எப்போதோ துரு ஏறிவிட்டது. அதனால் இழுக்கும்போது அந்தச் சுரம் ஒரு நூல் இறங்கி ஒலிக்கும், தள்ளும்போது சரியாக ஒலிக்கும். வீட்டில் கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிற மனிதர்கள்தான் எல்லாரும். ஆனால் இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிவிட்டதால், அதைப் பற்றித் தலைவர் நாற்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மண்ணுக்கு மூச்சு உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது அது துயரப்படுகிறது, வெளியே விடும்போது ஆறுதல் அடைகிறது. நம் முன்னோர் இதை அறிந்து ஆறாவது சுரத்தை இரண்டாக வைத்தார்கள். படித்தவர்கள் தொலைத்துவிட்டார்கள். கட்டுரைக்கு ஆதாரமாக ஒரே ஒரு சான்று காட்டப்பட்டிருந்தது: பெட்டி.

ரம்பக்காரருக்கு முதல் நாளே, முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. எந்தக் கட்டை, எந்த நாக்கு, ஏறக்குறைய எவ்வளவு துரு என்பது வரை. பத்தொன்பது வருஷம் மண்ணுக்கு அடியில் கேட்டவருக்கு ஒரு பெட்டிக்குள் கேட்பது பெரிய காரியமா? இரண்டாவது பாட்டில் அவர் துருத்தியின் மீது கண்ணை வைத்துக்கொண்டார். இழுத்தால் ரம்பத்தைக் கொஞ்சம் தளர்த்தினார், தள்ளினால் கொஞ்சம் வளைத்தார்.

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். “கேட்டீங்களா! யாராவது இவருக்குச் சொல்லிக் குடுத்தோமா? ரத்தத்துல இருக்குய்யா!”

அன்றைக்கு வீட்டுக்குப் போய், “நல்லா வாசிச்சேன்” என்றார் மனைவியிடம். அதுவும் பொய் இல்லை.

அதே மாதத்தில் இன்னொரு விருந்தினரும் வந்திருந்தார். பேருந்து அலுவலகத்தில் பயண அட்டை கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. குழல் வாசிப்பார், சுத்தமாக வாசிப்பார். அதுதான் சிக்கல். ஆறாவது சுரத்தில் பெட்டியோடு உரசும், அதுவும் பாதி நேரம் மட்டும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா நேராகவே கேட்டார்:

“அண்ணே, இழுக்கும்போது ஒண்ணு, தள்ளும்போது ஒண்ணா பேசுது. பெட்டியைப் பிரிச்சுப் பாருங்களேன்.”

பெட்டிக்காரர் தன் வயிற்றைப் பிரித்துப் பார்க்கச் சொன்னதுபோல் பெட்டியை அணைத்துக்கொண்டார். தலைவர் கட்டுரையின் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அடுத்த வாரம் அதைப் படித்துவிட்டு வந்து, “நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா பெட்டி ரிப்பேர்தான்” என்றார்.

கை தூக்கும் நாள் வந்தது. இருவர் விஷயமும் ஒரே பிற்பகலில். பதினொரு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருக்க, தலைவர் நடுவில் நின்றார்.

“தம்பி விஷயம் அடுத்தது. அதுல சிக்கல் எதுவும் வராதுன்னு நினைக்கிறேன்” என்று சிரித்தார். “முதல்ல இந்த அம்மா. நாங்க சொன்னா பழகின காதுன்னு சொல்லுவாங்க. நம்ம தம்பியோடது அரசாங்கம் சம்பளம் குடுத்து வெச்சிருக்கிற காது. சொல்லுங்க தம்பி. தப்பு பெட்டியிலயா, குழல்லயா?”

அந்த அம்மா நிம்மதியாக இவரைப் பார்த்தார். கேட்கத் தெரிந்த ஆள் ஒருவரிடம் கேள்வி போய்விட்டதே என்கிற நிம்மதி.

ரம்பக்காரர் வில்லின் திருகைத் தளர்த்தினார், இறுக்கினார். கீழே யாரோ சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றி விட்ட சத்தம் மெல்ல ஓய்ந்தது.

“பெட்டியை வெச்சுப் பாத்தா,” என்றார், “குழல் கொஞ்சம் மேல போகுதுங்க.”

“கொஞ்சம்!” என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. “போதும்.”

அந்த அம்மாவை வெளியே அனுப்ப ஒரு கை தூங்கியிருந்தாலே போதும். பதினொன்றும் மடியிலேயே கிடந்தன. அவர் குழலைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விசிறியைத் தானே போட்டுவிட்டு இறங்கிப் போனார். அடுத்த இரண்டாவது நிமிஷம் பதினொரு கைகளும் உயர்ந்தன. ரம்பக்காரருக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது.

மனைவி அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். “அந்தக் குழல்காரம்மா?”

“இல்லன்னுட்டாங்க.”

“ஏன், நல்லா வாசிப்பாங்கன்னீங்களே?”

எப்படியோ சொல்லி முடித்தார். மனைவி தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“மந்திரி வீட்டு வாசலைத் தோண்டச் சொன்ன ஆளு, ஒரு அக்கார்டியனுக்குப் பயந்தீங்களா?”

“பயமில்ல. ஒப்பிட்டுப் பாத்தா குழல் மேலதான் இருக்கு. அது உண்மை.”

“அப்ப அந்தம்மாகிட்டயே போய் இந்த உண்மையைச் சொல்லுங்க” என்று சக்கரத்தை விட்டார்.

போனார். புதன்கிழமை மதியம், கவுண்டர் வரிசையில் நின்று போனார்.

“புதுசா, புதுப்பிக்கணுமா?” என்று தலை நிமிர்ந்த அந்த அம்மா, ஆளைக் கண்டதும், “சொல்லுங்க சார்” என்றார்.

“நீங்க சொன்னதுதான் சரி மேடம். பெட்டியிலதான் கோளாறு. ஒரு நாக்குல துரு. சுரண்டினா போயிடும்.”

“எப்பத்துலேருந்து தெரியும்?”

“முதல் நாள்லேருந்து.”

அந்த அம்மா ரப்பர் முத்திரையை மைப்பட்டையில் ஒரு தடவை குத்தினார். “இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே.”

“இல்ல மேடம், நான் அன்னிக்குச் சொன்னதும் பொய் இல்ல. பெட்டியை வெச்சுப் பாத்தா…”

“என்னா சார்,” என்றது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல், “பாஸ் எடுக்கிறீங்களா, பஞ்சாயத்துப் பேசறீங்களா?”

“சனிக்கிழமை அங்க போய் அவங்க முன்னாடி சொல்லுங்க” என்றார் அந்த அம்மா. “என்னைச் சேர்த்துக்கணும்னு இல்ல. பெட்டியைச் சரி பண்ணினா போதும்.”

“கட்டாயம் சொல்றேன் மேடம்.”

“அடுத்தவங்க வாங்க.”

சனிக்கிழமை மன்றத்துக்குப் போனார். தலைவர் அவருக்குத் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வைத்திருந்தார். கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டிக்காரர் துருத்தியை இழுத்தபோது ஆறாவது சுரத்தை ஒரு நூல் இறக்கி வாசித்தார். தள்ளியபோது அந்த ஒரு நூலைத் திரும்ப ஏற்றி வாசித்தார். இரண்டு மணி நேரம் வாசித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.