ஓவியச் சந்தைக்குத் தயிர் சாதம் கொண்டுபோன கதை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் அருவி, மலை, கோயில், எந்த ஊரில் காபி வாயில் வைக்கும்படி இருக்கும் என்பதுதான். ஓவியம் பார்ப்பதற்காக நான் எங்கேயும் போனதில்லை. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஓவியச் சந்தைக்குப் போனதும் கலை ஆர்வத்தால் அல்ல. ஹனானுக்காகப் போனேன்.

ஹனான் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டப்ளினில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஜோர்டான்காரி. காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடப்போம். ஓர் ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு அரபு நாடுகளில் இப்போது வரைந்துகொண்டிருப்பவர்களின் படங்களை விற்க ஒரு சின்ன கேலரி ஆரம்பித்தாள். அது ஓடவில்லை. பழைய ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டது. வருகிறாயா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சந்தையில் ஒரு படமாவது விற்றால் கேலரி, இல்லையென்றால் ஆபீஸ் என்று முடிவு செய்திருந்தாள். சனிக்கிழமைவரை ஒன்றும் விற்கவில்லை. அன்று சாயங்காலம் போன் செய்து, ஸ்டாலில் தனியாக நிற்பதால் மூன்று நாளாக மதியம் சாப்பிடவே இல்லை, நாளைக்கு ஒரு மணி நேரம் வந்து நிற்க முடியுமா என்று கேட்டாள். சாப்பிடவில்லை என்று ஒருத்தி சொன்ன பிறகு நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பேன்?

என் கணவர் சுரேஷும் கிளம்பினார். டிக்கெட் ஆளுக்கு முப்பத்தைந்து டாலர், ஹனான் எங்களுக்கு இலவச பாஸ் கொடுத்திருந்தாள். இலவசம் என்றால் அவர் எரிமலைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்.

போக நினைப்பவர்களுக்கு: காரை எடுக்காதீர்கள். டப்ளின் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்குக்குக் காசு இல்லை. நாங்கள் பத்து மணி ரயிலைப் பிடித்தோம், சிட்டிக்கு ஐம்பது நிமிஷம், ஆளுக்கு ஏழு டாலர் சொச்சம். கடலுக்கு அடியில் போகும்போது ரயில் போடும் சத்தத்தில் பேச முடியாது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போவதற்கு ஏற்ற வழி.

அந்தச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே எனக்கு நெற்றி அரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்தியக் கடையில் ஒரு அட்டை வாங்கினால் ஒரு அட்டை இலவசம் என்று வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு. கோந்து சரியில்லை. எடுத்து ஜன்னலில் ஒட்டப் போனபோது சுரேஷ் என் கையைப் பிடித்துவிட்டார். குளியலறைக் கண்ணாடி, காரின் டேஷ்போர்டு, ஃபிரிட்ஜ் கதவு என்று என் பொட்டு ஒட்டாத இடமே வீட்டில் இல்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குள்ள குறை.

"வித்யா, இது ரயிலு. இதையாவது விட்டு வை" என்றார்.

சரி என்று அதே இடத்தில் திரும்ப அழுத்தி வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து டாக்ஸிக்குப் பதினாறு டாலர். டிரைவர் ஏமன் நாட்டுக்காரர். எங்கே போகிறோம் என்று கேட்டார், அரபு ஓவியங்கள் பார்க்க என்றோம். நான் அரபுதான், என்னிடம் யாருமே சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். நாலு நாளாக அந்த வாசலில் ஆட்களை ஏற்றி இறக்குகிறாராம், போகும்போதும் வரும்போதும் எல்லார் கையும் காலியாகவே இருக்கிறதாம்.

சந்தை நடந்தது தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரிய பழைய கொட்டகையில். உள்ளே வரிசையாக வெள்ளைத் தடுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கேலரியின் ஸ்டால். எந்தப் படத்துக்கும் விலை போடவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். ஒரு படம் விற்றுவிட்டால் அதன் பெயர் அட்டைக்குப் பக்கத்தில் சுவரில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். ஹனானுக்குப் பக்கத்து ஸ்டாலில் அப்படி ஏழு புள்ளி. ஹனானின் ஸ்டாலில் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவளுடைய புள்ளி அட்டை பிரிக்கப்படாமல் மேஜை மேல் கிடந்தது.

ஈராக்கிலிருந்து ஒருவர் செய்த களிமண் ரொட்டிகள் இருந்தன, மொராக்கோ புகைப்படங்கள் இருந்தன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது நடுச்சுவரில் இருந்த பெரிய ஓவியம். அம்மானில் இருக்கும் நூர் என்ற பெண் வரைந்தது. மலைச்சரிவு முழுக்க வீடுகள், வீடுகளின் மொட்டை மாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஏதோ. மாடிகளில் பெண்கள் தலையை நிமிர்த்தி எதற்கோ காத்திருக்கிறார்கள். அட்டையில் 'இல்லாமையின் நிலப்பரப்பு' என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அது தண்ணீர் வரும் நாள்.

பன்னிரண்டரைக்கு ஹனான் கையில் தயிர் சாத டப்பாவையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து வெளியே பெஞ்சுக்கு அனுப்பினேன். யாராவது கேட்டால் விலைப்பட்டியல் மேஜையில் இருக்கிறது, மற்றபடி சிரித்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுரேஷ் மற்ற ஸ்டால்களில் விலை விசாரிக்கப் போய்விட்டார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தபடி நின்றேன்.

சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் வந்து நூரின் படத்துக்கு முன்னால் நின்றார். இவரைப் பற்றி ஹனான் சொல்லியிருந்தாள். தினமும் வருகிறார், அதே படத்தைப் பார்க்கிறார், ஒன்றும் பேசாமல் போய்விடுகிறார். எனக்கு வாய் சும்மா இருக்காது. தினமும் வருகிறீர்களாமே, என்ன யோசனை என்று கேட்டுவிட்டேன். படம் பிடித்திருக்கிறது, ஆனால் மாடியில் இருப்பது கல்லறைகளா, சாப்பிடும் அறையில் கல்லறையை எப்படி மாட்டுவது என்றார்.

கல்லறையா? அம்மா, அது தண்ணீர்த் தொட்டி என்றேன். அம்மானில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் விடுவார்கள் என்று ஹனான் நடக்கும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நான் திருப்பூர்க்காரி, எனக்கு விளக்கம் வேண்டுமா? தண்ணீர் வரும் நாளில் எந்தப் பெண்ணும் வெளியே போகமாட்டாள், துணியெல்லாம் அன்றைக்குத்தான், அடுத்த வீட்டு மோட்டார் ஓடுகிறதா என்று காது அங்கேயே இருக்கும், படத்தில் இவர்கள் துக்கத்தில் இல்லை, தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்கிறார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் படத்தின் அருகே போய் ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார். ஒரு காபி குடித்துவிட்டு யோசிக்கிறேன் என்று போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்று நாளாக யோசித்தது போதாதா?

அதற்குப் பிறகு என்னவோ தெரியவில்லை, ஸ்டாலில் திடீரென்று கூட்டம். வந்தவர்களெல்லாம் நேராக நூரின் படத்தைப் பார்த்து, பெயர் அட்டையைப் பார்த்து, தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டு, மற்ற படங்களின் விலையைக் கேட்டார்கள். என் பேச்சுத் திறமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றேகாலுக்கு ஹனான் திரும்பி வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். டப்பா கையிலிருந்து விழுந்தது. பெயர் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஒன்றும் புரியாமல் விழிப்பதற்குள் போனை எடுத்து நூரை அழைத்துவிட்டாள். அம்மானில் நடுராத்திரி. தூக்கத்திலிருந்து எழுந்த நூர் அங்கே அழுகிறாள், இவள் இங்கே அழுகிறாள். போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் வாங்கினார்கள் என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியாதே என்று நெற்றியைத் தடவினேன். நெற்றியில் பொட்டு இல்லை.

அந்த நிமிஷம் தரை பிளந்து உள்ளே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்போது எடுத்தேன், எப்போது ஒட்டினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை, கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். ஹனான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்பட்ட முகம் அணைந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து சுரேஷ் வந்தார், விஷயத்தைக் கேட்டார்.

"நல்லவேளை. ரயில்ல ஒட்டியிருந்தா ரயிலையே வித்திருப்ப" என்றார்.

அதை ஹனானுக்கு ஆங்கிலத்தில் சொல்லும்படி ஆகிவிட்டது. அவள் சிரித்தாள், சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது, திரும்பச் சிரித்தாள். நூரை மறுபடி எழுப்பி என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது சாம்பல் கோட்டு அம்மாள் வந்து நின்றார். புள்ளியைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. காபி குடிக்கத்தானே போனேன் என்றார். வாங்கியவர் மனம் மாறினால் எனக்குச் சொல்வீர்களா என்று ஹனானிடம் கேட்டார்.

"கேன்சல் ஆயிடுச்சுன்னு சொல்லச் சொல்லு" என்று சுரேஷ் தமிழில் கிசுகிசுத்தார். நான் முறைத்தேன். ஆனால் எனக்கும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது.

ஹனான் எழுந்தாள். நகத்தால் பொட்டை மெல்ல எடுத்து விரல் நுனியில் வைத்து நீட்டினாள்.

"இதை யாரும் வாங்கவில்லை. இது என் தோழியின் பொட்டு. தெரியாமல் ஒட்டிவிட்டாள். நான் இன்னும் ஒரு படமும் விற்கவில்லை."

அந்த அம்மாள் விரலைப் பார்த்தார், கோந்து ஒட்டியிருந்த என் நெற்றியைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "போய்விட்டது என்று நினைத்தபோதுதான் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது." பையைத் திறந்து கார்டை எடுத்தார். விலையை இங்கே எழுதமாட்டேன். அதைக் கேட்டுவிட்டு சுரேஷ் நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

பதற்றத்தில் ஹனானால் நாலு நாளாகப் பிரிக்காத புள்ளி அட்டையைப் பிரிக்கவே முடியவில்லை. கடைசியில் விரலில் இருந்த என் பொட்டையே எடுத்த இடத்தில் திரும்ப ஒட்டினாள். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

நீங்களும் போவதானால் சில விஷயம். கடைசி நாள் போங்கள், கூட்டம் குறைவு. உள்ளே ஒரு சாண்ட்விச் இருபத்திரண்டு டாலர், வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள், வாங்கத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அட்டையைப் படிப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். பொட்டு அரித்தால் கைப்பைக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டோம். முகம் கழுவப் போன சுரேஷ், இந்தக் கண்ணாடியை ஒன்பது பேர் வாங்கியிருக்கிறார்கள், எப்போது எடுத்துப் போவார்கள் என்று உள்ளிருந்து கத்தினார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் நடக்கக் கிளம்பினேன். தெருமுனையில் ஹனான் நின்றிருந்தாள். ஆபீஸுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். அவள் தொப்பியை மேலே தள்ளிக் காட்டினாள். நெற்றியின் நடுவில், அவளுடைய அட்டையிலிருந்து எடுத்த ஒரு சிவப்புப் புள்ளி.