விளிம்பில் கட்டிய பச்சைத் துணி

அருங்காட்சியகத்துச் சல்லடையில் இன்னும் லேசாக ஏலக்காய் வாசம் இருந்தது. அது என்னை, போடியில் அம்மா வேலை பார்த்த, இப்போது இடித்துவிட்ட ஏலக்காய்க் கிடங்குக்குள் கொண்டுபோய் விட்டது. மலையிலிருந்து ஜீப்பில் வந்த காயைப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சலிக்கும்போது கூடமே மழை பிடித்ததுபோல் இரையும். சல்லடை மாறிவிடக்கூடாதென்று அவரவர் பழைய சேலையில் கிழித்த துணியை விளிம்பில் முடிந்திருப்பார்கள், அம்மாவுடையது பச்சை. அம்மா சலித்துப் பிரித்த காயை எந்த வியாபாரியும் மறுபடி சலித்துப் பார்த்ததில்லை.

சல்லடைக்குக் கீழே, 'பயன்படுத்தியவர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. விளிம்பில் வெளுத்துப்போன பச்சைத் துணி. என்னோடு வந்திருந்த அம்மா கையை நீட்டி முடிச்சைத் தடவினாள்.

"ஆத்தா, அத யாரும் தொடக்கூடாது" என்றார் காவலர்.

அம்மா கையை எடுக்கவில்லை. "அப்பல்லாம் கிடங்குல நானும் எல்லார்ட்டயும் இதத்தான் சொல்லுவேன் அப்பு. என் சல்லடை இது."