அம்மா கற்ற ஐகிடோ

அம்மா முப்பத்தெட்டு வயதில் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கச் சேர்ந்தாள். கணபதி என்ற பகுதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பயிற்சி நடக்கும் மாடி ஹாலுக்குப் போவாள். அங்கே ஒருவர் இன்னொருவரின் மணிக்கட்டைப் பிடிப்பார். பிடிபட்டவர் லேசாகத் திரும்புவார். பிடித்தவர் உருண்டு விழுவார். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் இல்லை. எங்கள் அம்மா யாரை வேண்டுமானாலும் சாய்த்துவிடுவாள் என்று பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன். கொஞ்ச நாளில் நானும் சேர்ந்துகொண்டேன்.

ஊர்க்காரர்களை அழைத்து எல்லோரும் செய்துகாட்டிய அன்று, தாராபுரத்திலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, தேங்காய் மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அவுங்களாவேதான் உழுவறாங்க அம்மணி. உன்ற முறை வந்தா காலை ஊனி நின்னு பாரு."

எனக்கு ஜோடி அம்மாதான். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் திரும்பியதும் முழங்கையை விறைத்துக்கொண்டு நின்றேன். என் குதிகால் தரையை விட்டு எழும்பியது. மறுகணம் அம்மாவின் கை தளர்ந்துவிட்டது. நான் விழவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். அம்மா முறைப்படி எனக்குக் குனிந்து வணங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"நோவுதா கண்ணு?"

இல்லை என்றேன். தோற்றதை மறைக்கத்தான் அப்படிக் கேட்கிறாள் என்று பட்டது. எனக்கு அழுகையாக வந்தது.

மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் பின்னால் போய், "ஏனுங்க்கா, ரோட்டுல ஒருத்தன் இப்படிப் புடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று மணிக்கட்டைப் பிடித்தார். அம்மா கரண்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சற்று நகர்ந்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மாமா தரையில் உட்கார்ந்திருந்தார்.

எப்படி உட்கார்ந்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. "தரையில தண்ணி கெடக்குதுங்க்கா, வழுக்கிப்போட்டுது" என்றார். பார்த்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அம்மா தோசையைத் திருப்பினாள்.

நான் ஓடிப்போய்ப் பழைய துணி எடுத்துவந்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தேன். துணி நனையவே இல்லை. சரியாகத் துடைக்கவில்லை போலும் என்று இன்னொரு முறை துடைத்தேன்.