குதிரையோடு ஓடியவர்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். ஆம்பூரில் தினமும் ஜட்கா வண்டியில் பெண்கள் பள்ளிக்குப் போவேன். கொஞ்ச நாளாக வண்டிக்குப் பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் தொழிலாளி. தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டைச் சாறு முழங்கால் வரை கறையேற்றிய மெலிந்த கால்கள். ஊர் பேசத் தொடங்கியது.

"இன்னொரு பேச்சு காதுல விழுந்தா படிப்பு போதும்," என்றார் அப்பா.

மறுநாள் வண்டியை நிறுத்தி இறங்கினேன். "எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"உன் பின்னாடி இல்லம்மா, குதிரை பின்னாடி. அது ஒரே சீரா ஓடுது. மதராஸ்ல இருபத்தாறு மைல் ஓட்டம் இருக்குது. தனியா ஓடினா வேகம் கம்மியாயிடுது."

"என் படிப்பு போயிடும். முன்னாடி ஓடுங்க."

மறுநாள் முன்னால் ஓடினார். கடைத்தெருவில் ஒருவன் கத்தினான்: "இன்னாடா இது, படிக்கிற பொண்ணு ஆம்பளைய வண்டி வெச்சித் தொரத்துது!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையை விட்டு இறங்கி, அதை ஒட்டியே போகும் பாலாற்று மணலில் ஓடினார். கால் கணுக்கால் வரை புதைந்தது. ஆனாலும் குளம்புச் சத்தத்தைக் கேட்டே அடி வைத்தார்.

"பாய், ஒரே சீரா ஓட்டுங்க," என்றேன் வண்டிக்காரரிடம்.

ஓடியவர் மதராஸ் போனாரா, தெரியாது. நான் படிப்பை முடிக்கும்வரை தினமும் மணலிலேயே ஓடினார்; சாலைக்கு ஏறவேயில்லை.