இஞ்சித் தண்ணீர்

சுனாமிக்குப் பிறகு என் கணவருக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கும். மாங்கேணியில் கடற்றொழில் செய்தவர், அலைச் சத்தம் கேட்டாலே வியர்த்துப்போவார். அதனால்தான் அலையில்லாத வாவிக்கரைக்குக் குடிவந்தோம். மருத்துவர் சோதித்துவிட்டு, இருதயத்தில் குறையில்லை, பயம்தான் என்றார். படபடப்பு வரும்போதெல்லாம் இஞ்சி தட்டி அவித்துக் கொடுப்பேன். வாவிக்கரையில் இருத்தி, மூச்சை மெல்ல இழுத்துவிடச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் சுகமாகிவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான்கு வருடம் போனது. வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது. எங்கள் சந்திச் சோதனைச்சாவடியில் முந்தின கிழமை பக்கத்து வீட்டுக்காரரை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்; அவர் திரும்பி வரவில்லை.

அன்று மத்தியானம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"இது வழமையா வாற மாதிரி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அவர் அப்படிக் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அந்தச் சந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இஞ்சித் தண்ணி வைக்கிறன். குடிச்சாச் சரியாகிடும்."

வடித்து எடுத்து வந்தபோது அவர் வலையின்மேல் சரிந்து கிடந்தார். மூச்சில்லை. கோப்பை என் கையைச் சுட்டது.

சாவீட்டுக்கு வந்தவர்களிடம், "திடீரெண்டு போயிட்டார்" என்றேன். அவர் கேட்டதைச் சொல்லவில்லை.

இப்போது எனக்குப் படபடத்தாலும் இஞ்சி அவித்துத்தான் குடிக்கிறேன், அதற்குக் கேட்கிறது. இஞ்சியில் பிழையில்லை. அன்று பயம் வந்தது அவருக்கல்ல, எனக்கு. அந்தக் கோப்பையை நான் குடித்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.