மடவளைக் கடையில் செத்த மூன்று கார்டுகள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேக்கரி, லொறி, ஹோட்டல் சமையலறை என்று ஏழெட்டு வேலை மாறிய பிறகு, கண்டியில் இரண்டு வருடம் பழைய கணினி திருத்திப் பிழைத்தேன். கொழும்பில் ஒரு திருத்தும் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டே கண்ணால் பிடித்த தொழில் அது. கண்ணால் பிடித்த தொழிலில் ஒரு குறை உண்டு. ஒரு சாமான் வேலை செய்யாவிட்டால் ‘செத்துப்போச்சு’ என்று சொல்லிவிடுவேன். ஏன் செத்தது என்று கேட்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கண்டிக்குப் பக்கத்து ஊரான மடவளையில் சீமெந்து, பைப், பெயின்ட் விற்கும் ஒரு கடைக்கு அடிக்கடி போவேன். முதலாளியை, அங்கே அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்று கூப்பிடுவேன். கடையின் பின்பக்கம் ஒரு பழைய கணினி இருந்தது. சாமான்களின் விலை எல்லாம் அதில்தான். அந்த மென்பொருள் வேறெந்தக் கணினியிலும் ஓடாது. அதை எழுதிக் கொடுத்த ஆள் எப்போதோ கனடா போய்விட்டார். முன்பக்கத்தில் இருந்த புதுக் கணினி ஒரு கேபிள் வழியாக இதிலிருந்து விலையை எடுக்கும்.

ஒரு இடி மழையில் பழையதன் நெட்வொர்க் இணைப்பு எரிந்தது. நானா பிளக்கைக் கழற்றியிருந்தார், கேபிளைக் கழற்றவில்லை. அன்று முதல் கடை கூப்பாட்டில் ஓடியது.

“அரை இஞ்சி எல்போ என்ன வெல?” என்று முன்னாலிருந்து கத்துவார்கள்.

“வெள்ளையா சாம்பலா?” என்று நானா பின்னாலிருந்து கத்துவார்.

வாங்க வந்தவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்புவார்.

வெளியிலிருந்து ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கி உள்ளே செருகினால் போதும் என்றேன். கண்டி டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு கடையில் பழைய பாகங்கள் கிடைக்கும். நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் தன் மேசையில் இருக்கும் கணினியில் போட்டு ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் தருவார். அப்படி ஓட்டிக் காட்டிய கார்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். கணினி அப்படி ஒரு சாமான் இருப்பதையே காணவில்லை. கேபிளை மாற்றினேன். டிரைவரைத் திரும்பப் போட்டேன். பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தேன். கார்டின் சின்னப் பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது.

“செத்துப்போச்சு நானா” என்றேன்.

இரண்டாவது கார்டும் அப்படியே. மூன்றாவதை வாங்கப் போனபோது மாடிக் கடைக்காரர் அதை மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தபடி நின்றார்.

“தம்பி, எல்லாம் என்ர மேசையில ஓடுது. அங்க போனாத்தான் சாகுதெண்டா, கார்டையோ பார்க்கிறது?”

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மூன்றாவதும் செத்தபோது நானாவின் முகம் மாறியது. ஊர் நூலகத்துக்குப் பத்துப் பழைய கணினி வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கமிட்டியில் நானாவும் ஒருவர். மாடிக் கடையில் வாங்கலாம் என்று அநேகமாக முடிவாகியிருந்தது. அந்த மனிதருக்கு அது பெரிய வியாபாரம். படியேறி வருகிறவர்கள் குறைந்துபோன காலம்.

“ஒன்டு செத்தா விதி. மூனும் செத்தா கள்ள வேல” என்றார் நானா. “நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு கமிட்டி கூடுது. அவர்ட்ட எடுக்க வாணாம்னு சொல்லப் போறேன். ஊருக்குள்ளயும் சொல்லத்தான் வேணும்.”

மூன்றாவது கார்டைக் கழற்றி மற்ற இரண்டோடு வைத்தேன். செத்தது என்று சொன்னவன் நான்தானே.

அது வியாழக்கிழமை. கணினியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு நானா சாம்பிராணிச் சட்டியோடு வந்தார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து வியாழன் தவறாமல் கடை முழுக்கப் புகை காட்டுவார்கள். பெயின்ட் தட்டு, ஆணிப் பெட்டி எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, கணினிக்கு முன்னால் வந்து நின்றார். நகரவில்லை.

“என்னங்க நானா, இதுக்கு மட்டும் இவ்வளவு நேரம்?”

“கண்ணூறு பட்டீக்குது தம்பி. பழசாப் போன நாள்ல இருந்து இதுக்கு நான் ரெண்டு பங்கு குடுக்குறது.”

கணினிக்குள் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. புகை நேர்கோடாக உள்ளே போனது. பின்பக்கத் தகடு இல்லாத வெறும் துளைகளின் மேலாகப் போய், மறுபக்கம் மெலிந்து வெளியே வந்தது.

கணினியை அணைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியைக் கார்டு செருகும் துளைக்குள் விட்டு இழுத்தேன். பஞ்சு தேன் நிறத்தில் பிசுபிசுத்து வந்தது. சாம்பிராணிப் பிசினும் சீமெந்துத் தூசியும் சேர்ந்து வருடக்கணக்காக உள்ளே காய்ந்திருந்தன. கார்டு போடுமுன் நான் ஊதித் தள்ளியது மேலே இருந்த தூசியை மட்டும்தான். பார்மசிக்குப் போய் ஸ்பிரிட் வாங்கி வந்து, பழைய பல்தூரிகையால் இரண்டு துளைகளையும் ஒரு மணி நேரம் தேய்த்தேன். கார்டுகளில் துளைக்குள் போகும் கால்களைப் பென்சில் அழிறப்பரால் துடைத்தேன்.

முதல் கார்டு வேலை செய்தது. அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைப் போட்டேன், அதுவும். மூன்றாவதும்.

நானா பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானா, கார்டுல பிழ இல்லங்க. இந்தத் துளைக்குள்ள புகை அடச்சிருந்திச்சி. அவரு சரியாத்தான் குடுத்திருக்காரு. நான்தான் பாக்காம செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப கண்ணூறு நான்தானா?”

“பாதி நீங்க. பாதி நானு.”

அவர் சிரிக்கவில்லை. சட்டியை எடுத்துப்போய் வாசலில் வைத்துவிட்டு வந்தார். “ஒம்பாட்டுக்கு செத்துச்சு செத்துச்சுன்னா நான் என்னத்த நெனைக்கிற? ஒரு மனுசன்ட பேர நாளைக்குப் பள்ளிவாசல்ல வெச்சுக் கெடுத்திருப்பேனே” என்றார்.

மறுநாள் கமிட்டியில் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன லொறியில் கண்டிக்கு வந்தார். படியேறினோம். மாடிக் கடைக்காரர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“பத்துக் கொம்பியூட்டர் வேணும்” என்றார் நானா.

“மடவளையில என்ர சாமான் சாகுதெண்டு கேள்வி” என்றார் அவர், என்னைப் பார்த்து.

“சாகல்லண்ணே. நான் தெரியாமச் சொன்னது” என்றேன்.

“ஓம், தெரியாமத்தான். தெரிஞ்சு சொல்லுற அளவுக்கு நீ இன்னும் வரேல்ல.”

அவர் நீட்டிய, பால் இல்லாத பிளேன்டியை நானா வாங்கி ஒரு வாய் குடித்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. விலை பேசினார்கள், இரண்டு கணினிகளை நானா வேண்டாம் என்றார், அவர் வேறு இரண்டைக் காட்டினார். மத்தியானத்துக்குள் பத்தும் தேறின.

அந்தப் படி செங்குத்தானது, ஒடுக்கமானது. ஒவ்வொரு கணினியாகச் சுமந்து பத்து முறை ஏறி இறங்கினேன். மேலே இருவரும் வெயிலைப் பற்றியும் சீமெந்து விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை கொடுக்க யாரும் எழும்பவில்லை. அது சரியென்றே எனக்குப் பட்டது.