ரப்பர் மூடி போட்ட நோன்புக் கஞ்சி

ரஹ்மத் பீவிக்கு வாசனை தெரியாமல் போய் நாலு வருஷம் ஆகிறது. ஊரையே படுக்கப் போட்ட அந்தக் காய்ச்சலில் தெருவில் பாதிப் பேருக்கு வாசனை போனது. மற்றவர்களுக்குப் பத்து நாளில், மிஞ்சிப் போனால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. இவளுக்கு மட்டும் வரவே இல்லை. மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புருஷன் அப்துல் மஜீது மௌத்தாகி ஆறு வருஷம். மகன் ஷஹ்பாஸ் சார்ஜாவில். மகள் நிலோஃபர் சென்னை மண்ணடியில், மூன்றாவது மாடியில், காற்று வருவதற்கே அனுமதி கேட்க வேண்டிய ஒரு வீட்டில். தனியாக இருக்க வேண்டாம், தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று மகன் வாரத்துக்கு ஒரு தடவை போனில் சொல்லுவான். அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும், வீட்டைப் பூட்டச் சொல்லிவிடுவான். பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில், வாசலில் நின்றால் வாய்க்காலும் கொல்லையில் நின்றால் வயலும் தெரிகிற வீடு அது. அதை விட்டு அவள் ஒரு பெருநாளுக்குக்கூட வெளியே போய்த் தங்கியதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டது மட்டுமா, நடிக்கவும் பழகிக்கொண்டாள். யாராவது அத்தர் பூசிக்கொண்டு எதிரே வந்தால் மூச்சை இழுத்துத் தலையை ஆட்டுவாள். பக்கத்து வீட்டு அம்சம் மீன் விற்கிறவள். கூடையை இறக்கி வைத்தால் இவள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள். செவுள் சிவப்பாக இருப்பதைக் கண் சொல்லிவிடும். மூக்கு சும்மா ஒப்புக்கு.

சமையலைக் காதால் செய்தாள். கடுகு வெடித்து ஓய்வதும், வெங்காயத்தின் சலசலப்பு அடங்குவதும் அவளுக்குக் கடிகாரம். எல்லாவற்றையும்விட, பொங்கி வழிகிற சத்தம். நோன்புக் கஞ்சிக்கு அவள் கணக்கு மூன்று பொங்கு. பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொதித்து, நுரை மேலே வந்து, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் விழுந்து ‘சொய்ங்’ என்று சீறினால் அது முதல் பொங்கு. தீயைக் குறைத்து அடியோடு கிண்ட வேண்டும். இரண்டாவது சீறலுக்கு வதக்கி வைத்த இஞ்சி பூண்டைக் கொட்ட வேண்டும். மூன்றாவதற்குத் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்கிவிட வேண்டும். அடுப்பெல்லாம் கஞ்சியாகக் கிடக்கும். கிடக்கட்டும், துடைத்துக்கொண்டால் போயிற்று.

நோன்பு நாளில் ருசி பார்க்கவும் முடியாது. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நாக்கில் வைக்காமல் காய்ச்சினவள், இப்போது வைத்தால் ஏன் என்று கேட்பார்களே. ஆக, மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை. காது ஒன்றுதான்.

தை மாதம் ஒரு காலை, சிம்மில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பால் கொஞ்சம்தான் வழிந்தது, சத்தமும் கொஞ்சம்தான், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததில் அதுவும் கேட்கவில்லை. தெருவில் கூடையோடு போன அம்சம்தான் வாடையைப் பிடித்து உள்ளே ஓடிவந்து, குமிழைத் திருகி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போட்டாள். என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டாள். பால் பொங்கியபோது ரஹ்மத் பீவி அடுப்பிலிருந்து நாலடி தள்ளி மிக்ஸிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், அரைத்து முடித்து உள்ளறைக்குப் போன பிறகுதான் அம்சம் வந்தது. ஆனால் அம்சம் கேட்டபோது, உள்ளறையில் தொழுதுகொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டாள். மகனிடமும் அதையே சொன்னாள். அவன் நம்பினான். அம்மா தொழுகையில் இருந்தால் அப்படியே கரைந்துபோவாள் என்று அவனுக்குத் தெரியும்.

பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தொழுகையை வைத்துச் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நோன்பு பிறந்த பிறகு இன்னும் அதிகமாகக் குத்தியது.

பால் பொங்கி அடுப்பு அணைவதற்கு ஷஹ்பாஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். சார்ஜாவிலிருந்து லீவில் ஊருக்கு வந்த ஜாஃபர் சாதிக்கிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினான். பிரித்தால் உள்ளே சிவப்பாக ஒரு ரப்பர் மூடி. ரப்பர் இல்லை, சிலிக்கானாம். தாம்பாளம் அகலத்துக்கு, நடுவில் தாமரை மாதிரி இதழ் வைத்து, ஓரத்தைக் கிண்ணி போல உயர்த்திச் செய்திருந்தார்கள். பால் பொங்கினால் இதழ் தானாகத் திறக்குமாம், நுரை அந்தக் கிண்ணிக்குள் தேங்கி மறுபடி உள்ளேயே இறங்கிவிடுமாம். அடுப்பில் ஒரு சொட்டு விழாதாம். இனிமேல் எதை அடுப்பில் வைத்தாலும் இதைப் போட்டுத்தான் வைக்க வேண்டும், இன்னொரு தரம் அடுப்பு அணைந்தது என்று காதில் விழுந்தால் மறு பேச்சில்லை, மண்ணடிதான் என்று போனில் சொன்னான்.

ஒரு வாரம் பாலுக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னபடியே நடந்தது. பால் எழும்பியது, இதழ் விரிந்தது, சமர்த்தாக உள்ளே போனது. மகன் அனுப்பின மூடி அவனைவிடச் சொன்ன பேச்சு கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அடுப்படியில் நெஞ்சு படபடக்காமல் நின்றாள்.

எட்டாம் நோன்பு அவள் முறை. அந்தத் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் நாத்தனார் ஹாஃபிஸா வீட்டில் ஒன்றாக நோன்பு திறப்பார்கள். கஞ்சி ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து வரும். ரஹ்மத் பீவி முறை என்றால் இரண்டு பேர் கூடுதலாகவே வருவார்கள்.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பெரிய பாத்திரம், நல்ல தீ. மூடியைப் போட்டாள். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து தேங்காய்ப்பால் பிழிய ஆரம்பித்தாள். முதல் பொங்கு வந்ததும் எழுந்து போகலாம்.

ஷஹ்பாஸ் வீடியோவில் கூப்பிட்டான். மூடி போட்டாயிற்றா, காட்டுங்கள் என்றான். கொல்லைப் படியிலிருந்தே போனை அடுப்படிப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவனுக்கு வாயெல்லாம் பல். அவன் போனை வைத்த பிறகு மறுபடி பிழிந்தாள். முதல் பால், இரண்டாம் பால். புதினா ஆய்ந்தாள். வெயில் காலம் தொடங்கியிருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. என்ன இன்னும் பொங்கு வரவில்லை என்று ஒரு தரம் நினைத்தாள். அரிசி புதுசு, மெதுவாகத்தான் வேகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பொங்கு வந்து போய்விட்டிருந்தது. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. எழும்புகிறதும் இதழ் விரிகிறதும் உள்ளே இறங்குகிறதுமாக ஒரு சத்தமும் இல்லாமல் வந்து போனது. தீ மட்டும் முதலில் வைத்தபடியே நின்று எரிந்தது.

சந்தேகம் வந்து எழுந்து போய் மூடியைத் தூக்கினாள். கஞ்சி கெட்டியாக, அங்கங்கே ஒரு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கரண்டியை விட்டு அடியோடு சுரண்டிச் சுரண்டிக் கிண்டினாள். அடியில் ஒட்டினதெல்லாம் மேலே வந்தது. பழுப்பாக வந்த துணுக்குகளைப் வெந்தயம் என்று நினைத்தாளோ, பருப்பு என்று நினைத்தாளோ. வதக்கினதைக் கொட்டி, வெந்நீர் விட்டு, தேங்காய்ப்பாலை ஊற்றியதும் நிறம் வெளுத்துவிட்டது. பார்க்கப் பழைய கஞ்சி மாதிரியே இருந்தது. நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் கால் மணி நேரம்தான்.

தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியபோது அம்சம் எதிரில் வந்தாள். நின்று மூக்கைச் சுளித்தாள்.

“எங்கக்கா தீயுது? வாடை தூக்குதே.”

நாலு வருஷப் பழக்கம். ரஹ்மத் பீவி நன்றாக மூச்சை இழுத்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுத்த வயலில் புகை கிளம்புவது கண்ணில் பட்டது.

“ஆமாடி. வயல்ல தாள் கொளுத்துறானுங்க.”

அம்சமும் அந்தப் புகையைப் பார்த்துவிட்டு, நோன்பு நேரத்தில் கொளுத்துகிறான்களே என்று வைதுகொண்டே போனாள்.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. வந்திருந்தவர்கள் கிண்ணத்தை எடுத்தார்கள். வழக்கமாக முதல் வாய்க்கே பேச்சு தொடங்கிவிடும், அன்றைக்கு இல்லை. ரஹ்மத் பீவி தன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது. லேசாகக் கசந்தது, வெந்தயம் ஒரு கை கூடிப்போச்சு போல என்று நினைத்தாள்.

எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்தபடி குடித்தார்கள். ஹாஃபிஸாவின் மருமகள் ஆயிஷா, ஏழு மாசக் கர்ப்பிணி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது.

“என்னாச்சு புள்ளைக்கு?” என்றாள் ரஹ்மத் பீவி.

ஹாஃபிஸா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அறுபது வயசு, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்று பேசத் தெரியாதவள்.

“ரஹ்மத்து, கஞ்சி அடிப்புடிச்சுத் தீஞ்சு போயிருக்கு. தெருமுனைல வரும்போதே எனக்குத் தெரிஞ்சுது. நீ தூக்கிட்டு வந்தியே, ஒனக்குத் தெரியலையா?”

தப்பிக்க வழி இருந்தது. போன் வந்தது, பேச்சில் விட்டுவிட்டேன், நேரமில்லை, அப்படியே கொண்டுவந்துவிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை கொல்லையில் இன்னும் ஓக்களித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியல லாத்தா” என்றாள். “எனக்கு எதுவுமே தெரியாது. நாலு வருஷமா.”

ஹாஃபிஸா மற்றவர்களை மஃரிப் தொழ அனுப்பிவிட்டு இவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். தை மாசம் கேஸ் நிறைந்த கதையைக் கேட்டாள். இவள் சொல்லச் சொல்ல அவள் முகம் கறுத்தது. கடைசியில், “ஷஹ்பாஸ்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா? ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு நிக்கிறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் சொல்லியாகணும்” என்றாள்.

சார்ஜாவில் நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெறும் வயிற்றோடு இருக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. இந்த ஜன்னல், அந்தக் கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றாவது மாடியில் என்ன செய்வது, யாரோடு பேசுவது. இரண்டு தரம் போனை எடுத்தாள், இரண்டு தரமும் இன்னும் நேரமாகவில்லை என்று வைத்தாள். நேரமான பிறகும் அவன் ரெண்டு வாய் சாப்பிடட்டும் என்று பத்து நிமிஷம் பொறுத்தாள்.

கூப்பிட்டாள். வாசனை தெரியாததைச் சொன்னாள், கஞ்சி தீய்ந்ததைச் சொன்னாள். அவன் பரவாயில்லை, பரவாயில்லை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னும் ஒண்ணு இருக்குப்பா. அன்னிக்குப் பால் பொங்கினப்ப நான் தொழுதுகிட்டு இல்ல. அடுப்புக்குப் பக்கத்துலயேதான் நின்னுகிட்டிருந்தேன்.”

  

“தொழுகைய வச்சாம்மா பொய் சொன்னீங்க?” என்றான். குரல் உடைந்திருந்தது. “சொல்லியிருந்தா இந்த மூடிய அனுப்பியிருப்பேனா? கேஸ் கசிஞ்சா ஊரே கேக்குற மாதிரி கத்துற மிஷின் விக்கிறாங்கம்மா. உள்ளங்கை அளவு. செவுத்துல மாட்டிட்டாப் போதும்.”

அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. காதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கத்துகிற மிஷினைவிட வேறென்ன வேண்டும். ஆனால் மூக்கு செத்துப்போனதை மறைத்து வைத்தவளுக்கு அதை யார் வந்து சொல்லுவார்கள்.

அவன் மண்ணடி என்று தொடங்கினான். அவள் அழவில்லை. அந்த மிஷின் வரும் வரைக்கும் இந்த வீட்டில் கேஸ் பற்ற வைக்க மாட்டேன், விடியுமுன் சஹருக்கும் நோன்பு திறக்கவும் உன் மாமி வீட்டில் சாப்பிடுகிறேன், ஆனால் படுக்கை இங்கேதான் என்றாள். வீட்டைப் பூட்டச் சொல்லாதே, பூட்டினால் நான் வாசலில் உட்கார்ந்துகொள்வேன் என்றாள். அவன் இறங்கி வந்தான். மிஷினை அனுப்பி வைக்கிறேன், பெருநாளைக்கு நானே வருகிறேன், வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன், அது வரைக்கும் எதையும் மறைக்கக் கூடாது என்றான்.

காலையில் அம்சத்தின் புருஷன் தங்கையன் வந்து கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துப் போனான். விஷயம் தெரிந்து அம்சம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. பேசியபோது, “இத்தனை நாளா என் மீன மோந்து பாத்து நொட்டை சொன்னியே, அதெல்லாம் கணக்குல வச்சிருக்கேன்” என்றாள்.

பெருநாளுக்கு இருபத்தொரு நாள் இருந்தது. ரஹ்மத் பீவி தினமும் எண்ணினாள். மகன் வந்து என்ன சொல்லுவானோ என்று சஹருக்கு எழுந்தது முதல் அதே நினைப்புதான். ஆனாலும் பத்தாம் நோன்பு அஸருக்குப் பிறகு ஹாஃபிஸா வீட்டு அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்றாள். அன்றைக்கு ஹாஃபிஸாவின் முறை. ஹாஃபிஸா முக்காலியைப் போட்டு ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டாள். இப்போது கிண்டு, இப்போது தீயைக் குறை என்று ஏவிக்கொண்டே இருந்தாள்.

“வாசம் சொல்றது மட்டும்தான் ஒங்க வேல லாத்தா” என்றாள் ரஹ்மத் பீவி திரும்பாமலே. “தீ எவ்வளவு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.”